பிள்ளைகள் முகம் பார்த்து

‘பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொள், தாயே!’ அடிபட்டு வந்து நிற்கும் பெண்ணுக்கு நமது ஊர்களில் சொல்லப்படும் முதல் மொழி இது. பெரும்பாலும் கடைசி மொழியும் இதுவே. பெற்ற தாய் சொல்வாள், மாமி சொல்வாள், பக்கத்து வீட்டு ராத்தா சோற்றைப் பதம் பார்த்துக்கொண்டே சொல்வாள், ஜமாஅத் அலுவலகத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருக்கும் பெரியவர்களும் தொண்டையைச் செருமிக்கொண்டு இதையே சொல்வார்கள். எவரும் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. குடும்பம் சிதறிவிடக் கூடாதே, பிள்ளைகள் தெருவில் நின்றுவிடக் கூடாதே என்ற கவலைதான் இந்தச் சொல்லை அவர்கள் நாவில் வைக்கிறது. ஆயினும், எந்த முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோமோ, அந்த முகத்தை நம்மில் எவரேனும் ஏறிட்டுப் பார்த்ததுண்டா? பிள்ளைகளின் பெயரால் வழங்கப்படும் தீர்ப்பில் பிள்ளைகள் சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை.

இதைப் பற்றிப் பேச எமக்கு என்ன உரிமை என்று வாசகர்கள் கேட்கலாம். கடற்கரை ஊரொன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தோம். அதே ஊரின் மகல்லா ஜமாஅத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சமரசப் பதிவேட்டை எழுதி வந்தோம். கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அந்தப் பொறுப்பு எமக்கு வந்ததற்கு வேறு காரணம் கிடையாது. பேசவோ தீர்ப்புச் சொல்லவோ எமக்கு அங்கே இடமில்லை. கேட்டதை எழுதுவதே வேலை. ஆகவே பகலில் வகுப்பறையில் பிள்ளைகளைப் பார்த்தோம். இஷாத் தொழுகைக்குப் பின்னர் அதே பிள்ளைகளின் பெற்றோரைப் பார்த்தோம். ஒரே கதையின் இரண்டு பாதிகள் இரண்டு வேறு கட்டடங்களில் எமக்குப் படிக்கக் கிடைத்தன.

அந்தப் பதிவேட்டின் அமைப்பைச் சொல்லவேண்டும். கணவன் பெயர், மனைவி பெயர், நிக்காஹ் தஃப்தரின் எண், மஹர் எவ்வளவு, போட்ட நகை எத்தனை பவுன், ஆண் தரப்பு வாக்குமூலம், பெண் தரப்பு வாக்குமூலம், முடிவு. பவுன் கணக்கு அரைப் பவுன், கால் பவுன் வரை துல்லியமாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு வரி: ‘ஆண் 1, பெண் 2’. அவர்களுக்கு என்ன வயது, அன்றிரவு அவர்கள் எங்கே இருந்தார்கள், எதைக் கண்டார்கள் என்று எழுத அந்த ஏட்டில் கட்டம் இல்லை.

வகுப்பறையில் அந்தப் பிள்ளைகளை அடையாளம் காண்பது எளிதன்று. தழும்புகளைத் தேடுவோர் ஏமாந்து போவார்கள். அடி விழுந்தது தாயின் மேல். பிள்ளையின் உடம்பில் ஒரு கீறலும் இருக்காது. காலையில் வாயிற்கதவு திறப்பதற்கு முன்பே வந்து நிற்கும் பையன் ஒருவன் இருந்தான். மாலையில் மணியடித்த பின்னும் மைக்கூட்டைக் கழுவுகிறேன், பெஞ்சை நேராக்குகிறேன் என்று நின்றுகொண்டிருப்பான். ‘பள்ளிக்கூடத்தின் மேல் எவ்வளவு பற்று!’ என்று உடன் பணியாற்றிய ஒருவர் அவனைப் பாராட்டியது நினைவிருக்கிறது. இன்னொரு சிறுமி மிகவும் கெட்டிக்காரி. ஆனால் டஸ்டர் கீழே விழுந்தால் அவள் தோள்கள் காது வரை உயர்ந்துவிடும். மற்றொருத்திக்கு வியாழக்கிழமைதோறும் வயிற்றுவலி. சென்னையில் கடை வைத்திருந்த அவளுடைய வாப்பா ஊர் திரும்புவது வியாழன் இரவு ரயிலில். வெள்ளி ஜும்ஆவுக்கு ஊரில் இருக்கவேண்டும் என்பது அவருடைய வழக்கம். அந்த ஊர்தியின் நேரம் சிறுமியின் வயிற்றுக்குத் தெரிந்திருந்தது.

சபர் போகும் குடும்பங்களில் இந்தக் கணக்கு வேறு மாதிரி நடக்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறையில் வாப்பா வருவார். தெருவெல்லாம் சென்ட் மணக்கும். உறவினர் வீடுகளுக்குப் பிஸ்கட் டின்களும் தைலப் புட்டிகளும் போகும். ஒரு முறை ஏழாம் வகுப்பில் ‘எங்கள் வீட்டில் ஒரு மகிழ்ச்சியான நாள்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தோம். பெருநாளைப் பற்றிப் பலர் எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் வாப்பா திருச்சியில் விமானம் ஏறிய நாளைப் பற்றி எழுதியிருந்தான். வாகனம் எத்தனை மணிக்கு வந்தது, பெட்டிகள் எத்தனை, வழியில் எங்கே தேநீர் குடித்தார்கள் என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தவன், ‘அன்று இரவு உம்மா எங்களோடு சிரித்துப் பேசினார்கள்’ என்று முடித்திருந்தான். பிழை திருத்த எடுத்த சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டோம்.

‘தூங்குகிற பிள்ளைக்கு என்ன தெரியும்?’ என்பது நமது இல்லங்களில் வழங்கும் மற்றோர் ஆறுதல். கதவைச் சாத்திவிட்டால் போதும் என்று நினைக்கும் தகப்பன்மார் உண்டு. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதால் போதும் என்று நினைக்கும் தாய்மார் அவர்களினும் மிகுதி. 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரையுள்ள கைக்குழந்தைகளை இரவில் உறங்க வைத்து, உறக்கத்திலேயே அவர்களுடைய மூளையின் செயலைப் படமெடுக்கும் கருவிக்குள் கிடத்தினார்கள். பொருளற்ற சொற்களை ஓர் ஆண்குரல் ஒரு முறை மகிழ்ச்சியாக, ஒரு முறை இயல்பாக, ஒரு முறை கடுஞ்சினத்தோடு பேசுவதைக் கேட்கச் செய்தார்கள். பெற்றோரிடையே சச்சரவு மிகுந்த வீட்டுக் குழந்தைகளின் மூளையில், சினக்குரல் கேட்டபோது, மன அழுத்தத்தையும் உணர்ச்சியையும் ஆளும் பகுதிகள் மற்றக் குழந்தைகளுக்கு ஆனதைவிட மிகுதியாகக் கிளர்ந்தன. ஆய்வு சிறியதுதான், குழந்தைகள் இருபது பேர் அளவிலேயே. ஆயினும் சொல் அறியாத பருவத்தில், அதுவும் உறக்கத்தில், குழந்தை தொனியைக் கேட்கிறது என்பதை அது காட்டிவிட்டது. தொட்டிலைப் பக்கத்து அறைக்கு நகர்த்தி என்ன பயன்?

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2011இல், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் வீட்டு வன்முறை கண்ட பிள்ளைகளுக்குச் சினந்த முகங்களின் படங்களைக் காட்டி மூளையைச் சோதித்தார்கள். அபாயத்தை மோப்பம் பிடிக்கும் பகுதிகள் அந்தப் பிள்ளைகளிடம் மிகையாக வேலை செய்தன. போர்க்களம் கண்டு திரும்பிய வீரர்களிடமும் இதே மாதிரியான மாற்றம் முன்பே கண்டறியப்பட்டிருந்தது. இங்கே கவனிக்கவேண்டியது, சோதிக்கப்பட்ட பிள்ளைகள் நோயாளிகள் அல்லர். வெளிப்பார்வைக்கு நல்ல உடல்நலத்தோடு பள்ளி சென்றுகொண்டிருந்தவர்கள்.

எம்முடைய மாணவர்களை எண்ணும்போது இதில் வியப்பில்லை. அத்தகைய பிள்ளை வீட்டில் செய்யும் தொழிலே கேட்பதுதான். வாப்பாவின் வண்டி திருப்பத்தில் எந்த வேகத்தில் வருகிறது, செருப்பைக் கழற்றுகிறாரா உதறுகிறாரா, ஸலாம் சொல்கிறாரா சொல்லாமல் நுழைகிறாரா, சோற்றுத் தட்டை வைக்கும் ஓசை எப்படி – இவை அத்தனையையும் அது நொடியில் எடை போட்டுவிடும். மீனவர் மேகத்தைப் பார்ப்பதுபோல அது மனித முகத்தைப் பார்க்கிறது. கருவி இல்லாத அந்த வானிலை நிலையத்தில் இரவும் பகலும் பணி. உடம்பு எப்போதும் ஓடத் தயாராக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, அபாயக் காலத்துக்கென்று இறைவன் வைத்த சுரப்பிகள் ஓய்வின்றிச் சுரக்கின்றன. அந்த நிலையில் பின்னத்தையும் தசமத்தையும் மனத்தில் நிறுத்திக்கொள் என்றால் எப்படி நிறுத்தும்? ‘மக்கு’ என்று பெயர் வாங்கிய பல பிள்ளைகள் மக்குகள் அல்லர். அவர்களுடைய கூர்மை முழுவதும் வேறிடத்தில் செலவாகிக்கொண்டிருந்தது.

வயதுக்கு வயது இதன் உருவம் மாறும். பேசத் தொடங்கிய குழந்தை பேச்சை விட்டுவிடுவதும், படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடியும் நனைப்பதும், தாயின் முந்தானையை விட்டு அகலாதிருப்பதும் சின்னஞ்சிறு பருவத்தில். ஆறேழு வயதில் வேறொரு துன்பம் வந்து சேர்கிறது. அது எமக்கு எல்லாவற்றிலும் கொடியதாகப் படுகிறது. அந்த வயதுப் பிள்ளை உலகத்தின் நிகழ்வுகளுக்கெல்லாம் தானே காரணம் என்று எண்ணும். ‘நான் பால் குடித்திருந்தால் வாப்பா உம்மாவை அடித்திருக்க மாட்டார்’ என்று ஒரு குழந்தை எம்மிடம் சொன்னது. அதற்கு எவரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. தானே கணக்குப் போட்டு விடை கண்டிருந்தது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆண்பிள்ளைக்கு முன் இரண்டு வழிகள் திறக்கின்றன. ஒன்று, இருவருக்கும் நடுவே போய் நிற்பது. அப்படி நின்று கையெலும்பு முறிந்து, ‘மிதிவண்டியிலிருந்து விழுந்தேன்’ என்று மாவுக்கட்டோடு வந்த பையனை அறிவோம். மற்றது, அடிப்பவன் பக்கம் சாய்வது. வாப்பா பேசும் சொற்களையே தாயிடம் பேசிப் பார்ப்பான். சோறு தாமதமானால் தட்டைத் தள்ளுவான். அதைக் கண்டு சிரித்து, ‘வாப்பாவின் மிடுக்கு அப்படியே வந்திருக்கிறது’ என்று மெச்சும் உறவினர்களை என்னென்பது! பெண்பிள்ளையோ பத்து வயதில் அவ்வீட்டின் இரண்டாவது உம்மாவாகிவிடுவாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவதும், உடைந்த கண்ணாடியைப் பெருக்குவதும், காலையில் தாயின் முகத்தில் வீக்கம் வடிந்ததா என்று பார்ப்பதும் அவள் பொறுப்பு. அத்தகைய பெண், வீட்டைவிட்டு வெளியேற நிக்காஹ் ஒன்றுதான் வாசல் என்று முதலில் வந்த மாப்பிள்ளைக்குத் தலையாட்டிவிடுவாள்.

2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பதினெட்டு முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள மணமான பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானோர் இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 29 பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர். எல்லாச் சமயத்தாரையும் சேர்த்த கணக்கு இது. கல்வியில் முன்னணியில் நிற்பதாகப் பெருமை கொள்ளும் நமது மாநிலம் இதில் நாட்டின் சராசரியைத் தாண்டி நிற்கிறது. அதே ஆய்வு, ‘உன் தகப்பனார் உன் தாயாரை அடித்ததுண்டா?’ என்றும் பெண்களைக் கேட்கிறது. உண்டு என்று சொன்னவர்களிடையே, தாமும் கணவனிடம் அடிபட்டவர்களின் தொகை மற்றவர்களிடையே உள்ளதைவிடத் தெளிவாக மிகுதி. பொறுத்துக்கொள்ளச் சொல்லி நாம் காப்பாற்றிய பெண்பிள்ளைகள்தாம் இவர்கள்.

இதைக் கேட்டு, ‘அடிப்பவன் மகன் அடிப்பவனாகத்தான் வருவான்’ என்று முடிவு கட்டுவோரும் இருக்கிறார்கள். அது பொய் என்பதோடு, பாவமும் ஆகும். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கௌவாய்த் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோர் சச்சரவு, குடி, மனநோய் என்று பல கேடுகள் ஒருங்கே சூழ்ந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் அன்பும் திறமையும் உள்ள நல்ல மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, தம்மை நேசித்து நிலையாகத் துணைநின்ற ஒரு பெரியவரேனும் இருந்தது. பாட்டி, மாமா, ஆசிரியர், அயலார் – எவராயினும் சரி. அந்தத் தீவைப் பற்றிப் படித்தபோது எமக்கு நமது ஊர் உம்மம்மாக்களே நினைவுக்கு வந்தார்கள்.

பேச எவரும் விரும்பாத செய்தி ஒன்றும் உண்டு. அந்தப் பிள்ளைகள் வாப்பாவை நேசிக்கிறார்கள். கடற்கரைக்கு அழைத்துப் போனவர் அவர். காய்ச்சலில் தோளில் சுமந்து மருத்துவரிடம் ஓடியவர் அவர். ஆதலால் அவரைக் கொடியவன் என்று திட்டுவோரிடம் பிள்ளை வாயைத் திறக்காது. ‘நல்லவர்தான், கோபம் வந்தால்தான் இப்படி’ என்று தாயும் சொல்வாள், பிள்ளையும் சொல்லும். பதிவேட்டில் இந்த வாசகத்தை எத்தனை முறை எழுதியிருப்போம்! அந்தக் கோபத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். முதலாளி ஏசும்போது அது வருவதில்லை. காவலர் வண்டியை நிறுத்தும்போது வருவதில்லை. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது வருவதில்லை. யார்மேல் வரலாம் என்று அறிந்தே வருகிறது. பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டும் நேசிக்கவேண்டியிருப்பதுதான் அதன் பாரம்.

ஒரு சமரசத்தைச் சொல்கிறோம். ஊர், ஆண்டு வேண்டா. இரு தரப்பாரும் மூன்று மணிநேரம் பேசினார்கள். மாப்பிள்ளை இனி கைநீட்ட மாட்டேன் என்று கையொப்பமிட்டார். பெண் பொறுத்துக்கொள்வதாகக் கைநாட்டு வைத்தாள். ஃபாத்திஹா ஓதித் தேநீர் வந்தது. நாம் பதிவேட்டை மூடிக்கொண்டு வெளியே வந்தபோது, செருப்புகள் கிடந்த இடத்தில் அவர்களுடைய மூத்த மகள், எமது நான்காம் வகுப்பு மாணவி, தம்பியை மடியில் கிடத்திக்கொண்டு அமர்ந்திருந்தாள். எழுந்து நின்று கேட்டாள்: ‘வாத்தியார் மாமா, இன்றைக்கு ராத்திரி நாங்கள் எந்த வீட்டில் படுப்பது?’

மூன்று மணிநேரத்தில் எவர் வாயிலும் வராத கேள்வி அது. உள்ளே திரும்பிச் சென்று, கேட்டவாறே முத்தவல்லியிடம் சொன்னோம். சற்றுநேரம் அங்கே பேச்சில்லை. அவர் நல்ல மனிதர். பெண்ணின் தாயாரை அழைத்து, பதினைந்து நாள் உம்மம்மா வீட்டிலேயே இருக்கட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். ஆண் தரப்பார் முகம் சுளித்தார்கள். பதினைந்து நாள் இரண்டு ஆண்டுகளாயிற்று. அந்தச் சிறுமி நான்காம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வில் என்ன மதிப்பெண் வாங்கினாள், முழு ஆண்டுத் தேர்வில் என்ன வாங்கினாள் என்பதை அவளுக்குப் பாடம் சொன்ன நாம் அறிவோம். ஒரே பிள்ளையின் ஏடா இது என்று ஐயுறும் அளவுக்கு வேறுபாடு.

அவளுக்குப் போவதற்கு உம்மம்மா வீடு இருந்தது. இதுதான் இந்த விவகாரத்தின் நடுமையம் என்று நாம் கருதுகிறோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. உம்மா, உம்மம்மா, ராத்தா, தங்கை அனைவரும் ஒரே கூரையின் கீழோ அடுத்தடுத்த வாசலிலோ இருப்பார்கள். கை ஓங்குபவனுக்கு எதிரே நான்கு பெண்கள் நிற்பார்கள்; கோபித்துக்கொண்டு வெளியேறவேண்டியவனும் அவனே. பிள்ளைகளின் பாய் விரித்த இடம் மாறாது. இந்த ஏற்பாட்டின் மதிப்பை வெளியூரார் செய்த ஆய்வொன்று எமக்கு உணர்த்திற்று. பொருளியல் அறிஞர்களான பிரதீப் பண்டாவும் பினா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டது அது. வீடோ நிலமோ சொந்தமில்லாத பெண்களில் நூற்றுக்கு 49 பேர் நெடுநாள் அடிபட்டவர்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18. வீடு மட்டும் உள்ளவர்களில் 10. இரண்டும் உள்ளவர்களில் 7. கணவனின் படிப்பு, சம்பளம் இவற்றையெல்லாம் நாம் விசாரிக்கிறோம். பெண்ணின் பெயரில் ஒரு கூரை இருப்பது எத்தனை அடிகளைத் தடுக்கிறது என்று பாருங்கள்.

நமது ஊர்களைப் பற்றி மிகையாகப் பெருமை பேசவும் நாம் விரும்பவில்லை. மூன்று பெண்களைப் பெற்ற தகப்பன் மூன்று வீடு கட்டிக் கொடுக்க வெளிநாட்டில் ஆயுளைத் தேய்க்கும் கதை எவரும் அறிந்ததே. பெண் வீட்டில் இருந்துகொண்டே சொல்லால் கொல்லும் மாப்பிள்ளைகளும் இல்லாமலில்லை. இப்போது இளம் தம்பதியர் சென்னையிலும் பெங்களூரிலும் மூன்றாம் மாடியில், நான்காம் மாடியில் குடியிருக்கிறார்கள். அடுத்த கதவில் இருப்பவர் பெயர்கூடத் தெரியாது. அங்கே ஒரு பிள்ளை இரவில் எழுந்தால் ஓடிப்போக ஒரு மடி இல்லை. உம்மம்மா கைப்பேசியில் மட்டும் இருக்கிறாள். பிள்ளை பேசும்போது வாப்பா பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்.

மனைவியை அடிக்க மார்க்கத்தில் இடமுண்டு என்று வாதிப்போரை ஜமாஅத் அறையில் கண்டிருக்கிறோம். தொழுகையில் மறதியாக இருப்பவர்கள் இந்த ஒன்றில் மட்டும் ஃபிக்ஹு பேச வந்துவிடுவார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளையும் ஒருபோதும் கையால் அடித்ததில்லை என்று அவர்களோடு வாழ்ந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. வீட்டுக்குள் நடந்ததற்கு வீட்டுக்குள் இருந்தவரின் சாட்சி. அதே தொகுப்பில் இன்னொரு செய்தி உண்டு. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மை மணம் பேசியவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, அவர்களில் ஒருவர் தோளிலிருந்து கைத்தடியை இறக்காதவர் என்று நபியவர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையின் கை எப்படிப்பட்டது என்று விசாரிப்பதும், தெரிந்தவர் மறைக்காமல் சொல்வதும் புறம் பேசுவதாகாது என்று ஆலிம்கள் இதிலிருந்து விளக்குவார்கள். நாமோ சம்பளத்தை விசாரிக்கிறோம், தாடியை விசாரிக்கிறோம், சகோதரிகள் எத்தனை பேர் என்று விசாரிக்கிறோம். ‘அவனுடைய வாப்பா உம்மாவை எப்படி நடத்துகிறார்?’ என்று ஒருவரும் கேட்பதில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்காக முன்கூட்டியே கேட்கவேண்டிய கேள்வி அது.

சட்டத்தை நாடுவது குடும்ப மானத்துக்கு இழுக்கு என்று நினைப்பவர்களுக்கு இரண்டொரு செய்திகள். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமே, வழக்கமாக அடித்தலையும் கொடுமையால் வாழ்வைத் துன்பமாக்குதலையும் பெண் மணமுறிவு கோருவதற்குரிய காரணமாக ஏற்றுக்கொண்டது. 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொது. அதில் பெண் வீட்டைவிட்டு வெளியேறாமலே பாதுகாப்புக் கேட்கலாம். வீடு அவள் பெயரில் இருக்கவேண்டியதில்லை. பிள்ளையின் பொறுப்பைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கும்படியும், பிள்ளை பயிலும் பள்ளிக்கூடத்துக்குள் அந்த மனிதர் நுழையக்கூடாதென்றும் நீதிமன்றம் ஆணையிட முடியும். அண்டை வீட்டார், ஆசிரியர், எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர்மேல் பழி வராது. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற தொலைபேசி எண்கள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். பெண் பிரிந்து போக முற்படும் வேளைதான் அபாயம் மிகுந்த வேளை. ஆத்திரத்தில் நள்ளிரவில் மூட்டை கட்டாமல், எங்கே போவது, யார் உடன் வருவது, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எங்கே என்றெல்லாம் நம்பிக்கையான ஒருவரோடு முன்பே பேசி வைப்பது நலம்.

ஒவ்வொரு குடும்பமும் பிரிந்துவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. திருந்திய கணவர்கள் சிலரைக் கண்டிருக்கிறோம். அவர்கள் திருந்தியது மனைவி பொறுத்துக்கொண்டதால் அன்று. இனிப் பொறுக்கமாட்டாள் என்று தெரிந்ததால். எது எப்படியாயினும் பிள்ளையிடம் பேச ஒருவர் வேண்டும். இதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை, இடையில் புகுந்து தடுப்பது உன் வேலை அன்று, பயம் வந்தால் இந்த வீட்டுக்கு வந்துவிடு – இவ்வளவுதான். பால் குடிக்காததைத் தன் குற்றமாக எண்ணிய அந்தக் குழந்தையிடம் இதைச் சொன்னபோது, அது எம்மை நம்பவில்லை. நான்கு நாள் கழித்து மறுபடியும் வந்து, ‘நிஜமாகவா?’ என்று கேட்டது. ஒரு முறை சொன்னால் போதாது.

எமது தெருக்கோடியில் இடியாப்பம் அவித்து விற்கும் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். கைம்பெண், எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருடைய கொல்லைக் கதவு இரவில் தாழிடப்படுவதில்லை என்பது பின்தெருப் பிள்ளைகள் மூவருக்குத் தெரியும். அவர்கள் வரும் இரவுகளில் ஒன்றும் கேட்கமாட்டார். அடுப்புச் சூடு உள்ள பக்கமாகப் பாயை விரிப்பார். விடியலில் ஈடு எடுக்கும்போது மூவருக்கும் ஆளுக்கு இரண்டு இடியாப்பம் தேங்காய்ப்பாலோடு கொடுத்து, யூனிஃபார்ம் எடுத்துவர மூத்தவனை மட்டும் அனுப்புவார். சென்ற மாதம் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டோம். திறக்கும்போது சத்தம் போடுகிறதாம், சின்னவன் பயப்படுகிறானாம்.